ஆலோசனை சொல்ல ஏழு பேர்

விலை கொடுக்காமல் கிடைக்கிற பொருள்கள் இந்த உலகத்தில் மிகவும் குறைவு. அவற்றுள் தாராளமாகக் கிடைப்பது புத்திமதி. கேட்காமலே கிடைக்கும். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். கல்யாணப் பந்தலுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பதிலிருந்து, நான் எழுதும் தொடர்கதையின் நாயகியை யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்பது வரையில் எனக்கு வந்து சேர்ந்த ஆலோசனைகளை மூட்டை கட்டினால் ஒரு லாரி கொள்ளாது. சொன்னவர்கள் யாரும், நான் அதன்படி செய்தேனா என்று திரும்பிப் பார்த்ததில்லை. சொன்னதோடு அவர்கள் கடமை தீர்ந்தது.

அப்படியிருக்க, ஆலோசனை சொல்வதற்கென்றே சட்டப்படி நியமிக்கப்பட்ட ஒரு கமிஷன் தன் ஊரில் இருக்கிறது என்று என் மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதைப்பற்றி ஆலோசனை? யுத்தமா, வரவு செலவுத் திட்டமா? ஒன்றும் இல்லை. பூங்காக்களைப் பற்றி! நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா, மலைப்பாதையில் சைக்கிள் விடலாமா, மழை பெய்த மறுநாள் பாதையைத் திறப்பதா மூடுவதா என்பதைப் பற்றியெல்லாம் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறார்களாம்.

"பேசி?" என்று கேட்டேன்.

"பேசி முடிவு பண்ணி, கவுன்சிலுக்குச் சிபாரிசு பண்ணுவாங்கப்பா."

"கவுன்சில் கேட்குமா?"

"கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கு. வந்து பாருங்களேன். உங்களுக்கும் பொழுது போகும்."

இது நடந்தது 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதம். ஊர் கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த வட்டாரத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயலோ பொட்டலோ கிடையாது. ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஓர் ஊர். அந்தப் பக்கம் வேறோர் ஊர். நடுவில் ஒரு பெயர்ப் பலகை மட்டும் நிற்கும். ஆனால் அந்தப் பலகையை இலேசாக நினைத்துவிடக் கூடாது. அதைப்பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கமிஷனில் ஏழு பேர். நகரசபை அவர்களை நியமிக்கிறது. சம்பளம் கிடையாது. பூங்காவில் ஒரு பெஞ்சைக் கூட நகர்த்திப் போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. வேலையைச் செய்கிறவர்கள் நகரசபை ஊழியர்கள். பணத்தை ஒதுக்குவதும் விதியைச் சட்டமாக்குவதும் கவுன்சில். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், கல்யாணத்தில் மாமன் முறைக்காரரைப் போல, கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. இல்லாவிட்டாலும் தாலி கட்டலாம். ஆனால் இருந்தால்தான் சபை நிறைவு.

கூட்டம் நடந்த அறையில் என் கண்ணில் முதலில் பட்டது வாசலில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரல். கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே அதைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி ஒட்டிவிட வேண்டுமாம். அதில் இல்லாத விஷயத்தைப் பற்றி அன்றைக்கு அங்கத்தினர்கள் விவாதிக்கக் கூடாது. அங்கத்தினர்களில் பெரும்பான்மையோர் சேர்ந்து தனியே ஒரு வீட்டில் உட்கார்ந்து கமிஷன் விவகாரம் பேசினால் குற்றம். ஒருவர் இன்னொருவருக்கும், அவர் மூன்றாமவருக்கும் என்று கடிதச் சங்கிலி போட்டுப் பேசி முடித்துக்கொண்டாலும் குற்றம். எல்லாம் ஊரார் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். இது 1953-இல் அந்த மாகாணம் போட்ட சட்டம். ரால்ஃப் பிரௌன் என்ற சட்டசபை அங்கத்தினர் கொண்டுவந்ததால் அவர் பெயரால் பிரௌன் சட்டம் என்கிறார்கள். ஊர்ச் சபைகள் கதவைச் சாத்திக்கொண்டு காரியம் நடத்துவதைப் பற்றி ஒரு பத்திரிகை நிருபர் எழுதிய தொடர்கட்டுரைகளால்தான் அந்தச் சட்டமே வந்தது என்று கேள்விப்பட்டபோது, பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு ஷரத்து உண்டு. கூட்டத்துக்கு வருகிறவரைப் பார்த்து, "உன் பெயர் என்ன, எந்த ஊர்?" என்று கேட்டு, சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லக் கூடாது. யாரும் வரலாம். வந்தவர் பேசவும் செய்யலாம். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. அந்தத் தேசத்துக்காரனே இல்லை. ஆனாலும் யாரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைய நிரலில் முக்கியமான விஷயம் ஒரு குறுக்கு வழி.

2022 டிசம்பர் கடைசியிலிருந்து 2023 ஜனவரி நடு வரையில் மூன்று வாரத்துக்குள் ஒன்பது புயல் மழைகள் வரிசையாக வந்து கலிபோர்னியாவை அடித்துவிட்டுப் போயின. சமுத்திரத்திலிருந்து ஆகாய வழியாகவே ஓர் ஆறு வருவதைப்போல ஈரக் காற்று நீண்டு வந்து மலையில் மோதிக் கொட்டுகிறது. அதற்கு ஆகாய ஆறு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மழையில் வட்டாரம் முழுவதும் மலைப்பாதைகள் சேதமாகிவிட்டன. என் மகளின் ஊரில் ஒரு குன்று உண்டு. அதில் பாதை வளைந்து வளைந்து ஏறும். ஒரு வளைவில் மட்டும், சுற்றிக்கொண்டு இறங்கச் சோம்பல் பட்டவர்கள் செங்குத்தாகக் குறுக்கே இறங்கி இறங்கி ஒரு தடம் உண்டாகியிருந்தது. மழைத் தண்ணீருக்கும் அந்தக் குறுக்கு வழியே பிடித்துப்போய்விட்டது. முழங்கால் ஆழத்துக்கு அரித்துக்கொண்டு போய், கீழே இருக்கும் நல்ல பாதையின்மேல் சேற்றைக் கொட்டிவிட்டது.

நகரசபை ஊழியர் எழுந்து படங்களைக் காட்டினார். அவருடைய யோசனை சுருக்கமானது: குறுக்கு வழியை வேலி போட்டு அடைப்பது, பலகை வைப்பது, மீறி இறங்குகிறவர்களுக்கு அபராதம் விதிப்பது.

பிறகு ஊரார் முறை. ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜைமேல் ஒரு சின்ன விளக்குப் பெட்டி: பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். நம் மேடைகளுக்கு அந்தப் பெட்டியில் நாலைந்து வாங்கி வரலாமா என்று கூட நினைத்தேன்.

முதலில் ஒரு பெரியவர் எழுந்தார். அவருக்கு வயது 76. அவருடைய முழங்கால்கள் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டனவாம். மின்சார சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். அதில்தான் மலையைப் பார்க்க முடிகிறது. அதைப் பாதையில் விட வேண்டும் என்று அழகாகப் பேசினார். எனக்கே அவருக்கு வோட்டுப் போடவேண்டும் போல் இருந்தது. ஆனால் மின்சார சைக்கிள் அன்றைய நிரலில் இல்லை. தலைவி அம்மாள் நன்றி சொன்னார், பதில் சொல்லவில்லை. பிறிதொரு கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் குறித்துக்கொண்டார்கள். கிழவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சட்டம் நல்லதுதான்; ஆனால் மனிதன் ஒரு விஷயத்தை மனத்தில் சுமந்துகொண்டு வருகிற நாளும், அந்த விஷயம் நிரலில் வருகிற நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

அடுத்து ஒரு அம்மாள். குறுக்கு வழியில் இறங்குகிறவர்களையெல்லாம் தினமும் பார்ப்பதாகவும், அபராதம் நூறு டாலராவது இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கடுத்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன். கை நடுங்கிக்கொண்டே காகிதத்தைப் பார்த்து வாசித்தான். "நானும் அதில் இறங்குகிறவன்தான். என் சிநேகிதர்கள் எல்லோரும் இறங்குகிறார்கள். எங்களுக்கு அது கெடுதல் என்று தெரியாது. யாரும் சொன்னதில்லை. சரிப்படுத்த எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம்." மஞ்சள் விளக்கு எரிவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டான். அன்று பேசியவர்களில் மிச்சம் நேரம் வைத்தவன் அவன் ஒருவன்தான்.

ஏழு பேரும் பேச ஆரம்பித்தார்கள். அபராதம் எவ்வளவு, யார் வசூலிப்பது, காவலுக்கு ஆள் ஏது என்று அரை மணி நேரம் போயிற்று. எனக்குக் கொட்டாவி வரும் சமயத்தில், தோட்ட வேலை செய்து பிழைப்பவர் என்று மகள் சொல்லியிருந்த ஓர் அங்கத்தினர் மெல்ல ஒரு கேள்வி கேட்டார்:

"மற்ற வளைவுகளில் யாரும் குறுக்கே இறங்குவதில்லை. இந்த வளைவில் மட்டும் ஏன் இறங்குகிறார்கள்?"

யாருக்கும் உடனே பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். அவர் போய் நின்று பார்த்திருக்கிறார். அந்த வளைவில் நின்றால் கீழே கார்கள் நிற்குமிடம் நேரே கண்ணுக்குத் தெரிகிறதாம். களைத்து வருகிறவன் கண்ணுக்குத் தன் கார் தெரிந்துவிட்டால் அப்புறம் கால் சுற்று வழியில் போகாது. பலகையை அவன் படிக்கமாட்டான். வளைவை நாற்பதடி முன்னால் தள்ளி, அங்கே இருக்கிற ஓக் மரங்களுக்குப் பின்னால் திருப்பிவிட்டால் கார் தெரியாது. தெரியாவிட்டால் இறங்கமாட்டான்.

கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது. வேலி வேண்டாம், அபராதம் இப்போதைக்கு வேண்டாம், வளைவை மாற்றுவது, பழைய தடத்தைக் கிளைகளும் சருகும் போட்டு மூடுவது, வேலைக்கு ஊர்ப் பிள்ளைகளையும் அழைப்பது என்று சிபாரிசு செய்யலாம் என்றார்கள். கை தூக்கினார்கள். ஐந்துக்கு இரண்டு. ஆக, ஒரு வளைவுக்கு இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வரும் வழியில் மகள், "போரடிச்சுதாப்பா?" என்று கேட்டாள். கதை எழுதுகிறவனுக்கு அங்கே போரடிக்க ஒன்றுமில்லை. "ஏன் இறங்குகிறான்?" என்று கேட்கத் தெரியாமல் எத்தனை நாவல்கள் வீணாகியிருக்கின்றன!

ஒரு சனிக்கிழமை, வேறொரு பாதையில் தொண்டர்கள் வேலை செய்தார்கள். பேத்தி போனாள், நானும் கூடப் போனேன். பூங்காக் காவலரை அங்கே ரேஞ்சர் என்கிறார்கள். எங்களுக்கு வாய்த்த ரேஞ்சர் ஓர் இளம் பெண். தலையில் அகலத் தொப்பி, கையில் ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் வெட்டும் வாயுமாக ஒரு கருவி. மெக்லவுட் என்று அதற்குப் பெயர். நம் மண்வெட்டிக்கும் வாருகோலுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையைப் பராமரிப்பது என்றால் பள்ளத்தில் மண் போட்டு மூடுவது என்றுதான் நாம் நினைப்போம். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. "பாதைக்குச் சத்துரு மனிதன் கால் அல்ல, தண்ணீர்" என்றாள். மலைச்சரிவில் வெட்டின பாதை முதலில் வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து சரிவில் போய்விடும். நாளாவட்டத்தில் நடக்கிறவர்களின் கால்பட்டு நடுப்பகுதி தாழும். வெளி விளிம்பு சின்னக் கரைபோல் மேடாகும். அவ்வளவுதான், பாதை வாய்க்கால் ஆகிவிட்டது. தண்ணீர் கடந்துபோக வழியில்லாமல் பாதையோடேயே ஓட ஆரம்பிக்கும். ஓட ஓட வேகம். வேகம் கூடக் கூட அரிப்பு. ஆகவே முதல் வேலை, வெளிப்பக்கத்துக் கரையை வெட்டி எறிவது. இரண்டாவது, ஏறிக்கொண்டே போகும் பாதையில் இடையிடையே ஒரு சின்னத் தாழ்வு கொடுப்பது. ஓடிவந்த தண்ணீர் அங்கே தயங்கி, வெளியே வழிந்துவிடும். மூன்றாவது, பாதையை அமைக்கும்போதே அளவோடு ஏறவிடுவது. நூறடி நடந்தால் சராசரி பத்தடிக்குமேல் ஏறக்கூடாது. மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ அதில் பாதிக்குமேல் பாதை செங்குத்தாக இருக்கக்கூடாது. மீறினால் தண்ணீர் பாதையைத் தன் சொத்தாக்கிக்கொண்டுவிடும்.

இன்னொன்றும் சொன்னாள். பாதையில் ஓரிடத்தில் சேறு நின்றால், வருகிறவர்கள் சேற்றை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்குவார்கள். அதனால் ஓரமும் சேறாகும். அடுத்து வருகிறவர்கள் இன்னும் ஒதுங்குவார்கள். மூன்றடிப் பாதை இரண்டு வருஷத்தில் பன்னிரண்டடியாகிவிடும். மழைக்கு மறுநாள் பாதையை மூடி வைக்கிற விதியெல்லாம் இதற்காகத்தான். ஈரக் களிமண்ணில் பதிந்த அடிச்சுவடும் சைக்கிள் தடமும் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். அடுத்த மழைக்கு அவையே கால்வாய். கலிபோர்னியாவில் கோடை முழுவதும் பெரும்பாலும் மழையே இல்லை. குளிர்காலத்து நாலைந்து மாதத்தில் வருஷத்து மழை பூராவும் கொட்டிவிடும். ஆகையால் செய்கிற காரியம் எதையும் மழைக்கு முன்னால் செய்துவிட வேண்டும். வசந்த காலத்தில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். அப்போது புதர் வெட்டக் கூடாது. வெட்டாமல் விட்டாலோ விஷ ஓக் என்ற செடி பாதைக்குக் கைநீட்டும். மூன்று மூன்று இலையாக, பார்க்க அழகாக இருக்கும். பட்டால் பத்து நாளைக்குத் தோல் எரியும். இப்படி ஒன்றுக்கொன்று முரணான பத்துக் காரணங்களைச் சமாளித்து ஒரு பாதை நடக்கும்படி இருக்கிறது. நடக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நான் மெக்லவுட்டைப் பிடித்தது பத்து நிமிஷம். அதற்குமேல் பேத்தி அனுமதிக்கவில்லை. "தாத்தா, நீங்க உட்கார்ந்து எல்லாருக்கும் ஆலோசனை சொல்லுங்க" என்றாள்.

இனி அந்தப் பெயர்ப் பலகை விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மகளும் மாப்பிள்ளையும் என்னைப் பாலோ ஆல்டோ ஊருக்குச் சொந்தமான ஃபுட்ஹில்ஸ் வனத்துக்கு அழைத்துப் போனார்கள். பேஜ் மில் சாலை வழியாக மலையேறிப் போகவேண்டும். அப்போது காருக்கு 6 டாலர் கட்டணம். சுமார் 1,400 ஏக்கர் காடு, புல் மூடிய குன்றுகள், ஓக் மரங்கள், போரோண்டா என்ற ஒரு சின்ன ஏரி, சுமார் 15 மைல் நீளத்துக்கு நடைபாதைகள். மான்கள் நம்மைப் பார்த்து ஓடுவதில்லை. நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

"2020-க்கு முன்னால வந்திருந்தா நம்மளை உள்ளே விட்டிருக்கமாட்டாங்க, மாமா" என்றார் மாப்பிள்ளை.

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. அந்தக் காடு 1965-இல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது முதல் 2020 டிசம்பர் 17 வரையில் பாலோ ஆல்டோ ஊராருக்கு மட்டுமே திறந்திருந்தது. வாசலில் முகவரிச் சான்று கேட்பார்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட அழைத்துப்போனால் விருந்தாளியாகப் போகலாம். மற்றபடி அயலூரான் நுழைந்தால் சட்டப்படி குற்றம்: 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. என் மகளின் வீடு அங்கிருந்து சில மைல் தூரம்தான். ஆனால் நடுவில் பெயர்ப் பலகை நிற்கிறதே!

இந்த விதி எப்படி வந்தது என்று கேட்டால், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலம் ரஸ்ஸல் லீ என்ற டாக்டருடையது. பாலோ ஆல்டோவின் பெயர் பெற்ற வைத்திய நிலையத்தை ஸ்தாபித்தவர் அவர். 1959-இல் அவரும் மனைவியும் அந்த நிலத்தைச் சுமார் 13 லட்சம் டாலருக்கு ஊருக்கு விற்றார்கள். பக்கத்து ஊர்களையும் பங்கு போட்டுக்கொள்ளும்படி கேட்டார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். "காசு கொடுக்காதவனுக்குக் காட்டில் என்ன வேலை?" என்று பாலோ ஆல்டோக்காரர்கள் நினைத்தது இயற்கைதான். பந்தியில் மொய் எழுதாதவனைப் பற்றி நாம் நினைப்பதில்லையா?

ஆனால் ஒரு நாள் கோபம் விதியாகி, விதி பழக்கமாகி, ஐம்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. காசு கொடுத்தவர்களும் மறுத்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். புதிதாக வந்து வீடு வாங்கினவர், ஒரு காசும் கொடுக்காதவர், உள்ளே போனார். மூன்று தெரு தள்ளி நாற்பது வருஷமாக இருக்கிறவர் வெளியே நின்றார். அதோடு இன்னொரு கசப்பும் இருந்தது. விதி பிறந்த காலத்தில் அந்த ஊரின் பல பகுதிகளில் கறுப்பர்களுக்கு வீடு விற்கமாட்டார்கள். வீடு வாங்க முடியாதவன் ஊர்க்காரன் ஆக முடியாது. ஊர்க்காரன் ஆகாதவன் காட்டுக்குள் வர முடியாது. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கேதான் அந்த ஊரின் ஆலோசனைக் கமிஷன் கதையில் வருகிறது. பாலோ ஆல்டோவின் பூங்கா, பொழுதுபோக்குக் கமிஷன் 2019-இல் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு, வெளியூராருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சோதனை பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தது. காட்டைத் திறந்துவிடு என்று கூட அது சொல்லவில்லை. நாளொன்றுக்குச் சில பேரை விட்டுப் பாருங்கள். பாதை தாங்குகிறதா, மிருகங்கள் மிரளுகின்றனவா என்று கணக்கெடுங்கள். பிறகு யோசியுங்கள் என்பதுதான் அதன் சாரம். கவுன்சில் அதைத் தள்ளிப் போட்டது. 2020-இல் கமிஷன் அங்கத்தினர் ஒருவர் மனம் வெறுத்து ராஜிநாமாச் செய்தார். அந்த வருஷம் ஆகஸ்டில் கவுன்சில் ஒருவழியாக அசைந்தது: ஒரு வருஷச் சோதனை, நாளொன்றுக்கு 50 அனுமதிச் சீட்டு, அதற்குமேல் என்றால் 2022-இல் ஊராரின் வோட்டு. செப்டம்பரில் வழக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதியும் அந்த ஊர்க் கவுன்சிலில் முன்பு இருந்தவருமான லடோரிஸ் கார்டெல் அம்மையாரும் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர். பொது இடத்தில் நடமாடவும் கூடவும் பேசவும் உள்ள உரிமையை ஊர்ப் பெயரைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்பது வாதம். நவம்பரில் கவுன்சில் சமரசத்துக்கு வந்தது. டிசம்பர் 17-ஆம் தேதி வாசல் திறந்தது.

திறந்ததும் என்ன நடந்தது தெரியுமா? கொள்ளை நோய்க் காலம். வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஜனங்களுக்குப் போக வேறு இடமில்லை. திரண்டு வந்துவிட்டார்கள். ஒரே சமயத்தில் 750 பேர் வரை இருக்கலாம் என்று முதலில் வைத்த வரம்பை மறுபடியும் குறைக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே காருக்குக் கட்டணம் வந்தது. "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று விதிக்குப் பரிந்து பேசினவர்கள் சொல்லியிருப்பார்கள். மிதிபடும் பாதைக்காக அவர்கள் கவலைப்பட்டதும் பொய்யல்ல.

ஏரிக்கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டபோது எனக்கு அந்த ரேஞ்சர் பெண் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. பாதையின் வெளிப்பக்கத்தில் யாரும் திட்டம் போட்டுக் கரை கட்டுவதில்லை. நடக்க நடக்க அது தானே மேடாகிறது. அதில் ஒரு சின்னத் தாழ்வு வெட்டிவிட்டால் தண்ணீர் வலிக்காமல் கடந்துபோகும். 2019-இல் அந்த ஏழு பேர் கேட்டது அந்தச் சின்னத் தாழ்வைத்தான். வெட்டியிருந்தால் நாளைக்குச் சில கார்கள் வீதம் ஒரு வருஷம் வந்திருக்கும். பாதையை அகலப்படுத்தவும் ஆள் வைக்கவும் அவகாசம் இருந்திருக்கும். வெட்டாமல் விட்டதால், ஐம்பத்தைந்து வருஷத்துத் தண்ணீர் ஒரே டிசம்பரில் இறங்கியது. வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் போட்டிராவிட்டால் நான் அந்த ஏரியைப் பார்த்திருக்கமாட்டேன்.

எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றியது. அந்த விதி இருந்தபோதும் பாலோ ஆல்டோ கமிஷன் கூட்டத்துக்கு நான் போயிருக்கலாம். என் பெயரைக் கேட்டுத் தடுத்திருக்க மாட்டார்கள். மூன்று நிமிஷம், காட்டைப்பற்றிப் பேசியும் இருக்கலாம். பேசி முடித்துவிட்டுக் காட்டுக்குப் போயிருந்தால் வாசலிலே நிறுத்தியிருப்பார்கள். பேச வருகிறவனுக்கு ஊர் கேட்காத தேசம், நடக்க வருகிறவனுக்கு மட்டும் ஊர் கேட்டது. இந்த இரண்டில் எது நிலைத்தது என்பது எனக்குத் திருப்தி தரும் விஷயம்.

விஸ்டா குன்றின் மேல் ஏறினால் அடிவாரத்து ஊர்கள் எல்லாம் விரிகுடா வரையில் கூரை கூரையாகத் தெரிகின்றன. எந்தக் கூரை எந்த ஊர் என்று மாப்பிள்ளை காட்டப் பார்த்தார். நாலைந்து தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, "இங்கேயிருந்து சொல்ல முடியலை, மாமா. வரி ரசீதைப் பார்த்தாத்தான் தெரியும்" என்று விட்டுவிட்டார்.

பிறகும் அங்கே விதிகள் குறையவில்லை. பெயரை மட்டும் 2021-இல் பூங்கா என்பதிலிருந்து இயற்கைக் காப்பிடம் என்று மாற்றினார்கள். ஆட்களை எண்ணுவது, கட்டணம், சைக்கிளைத் தார்ச்சாலையோடு நிறுத்துவது, நாய்க்கு எந்தக் கிழமை என்பது எல்லாம் உண்டு. ஆனால் இந்த விதிகள் வருகிறவன் என்ன செய்கிறான் என்று பார்க்கின்றன. எங்கிருந்து வருகிறான் என்று பார்ப்பதில்லை. முன்னதைப் பற்றி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பேச்சுக்குத்தான் கமிஷன்.

ஊருக்குத் திரும்பி நாலைந்து மாதம் கழித்து மகளிடமிருந்து கடிதம் வந்தது. அவள் ஊர்க் கமிஷன் செய்த சிபாரிசு கவுன்சிலுக்குப் போயிற்றாம். விவாதம் இல்லாத அயிட்டங்களோடு சேர்த்து ஒரே நிமிஷத்தில் நிறைவேற்றிவிட்டார்களாம். வளைவை மாற்றின வேலையில் அந்தப் பதினைந்து வயதுப் பையனும் அவன் சிநேகிதர்களும் இருந்தார்களாம். மின்சார சைக்கிள் கிழவரின் விஷயம் அக்டோபர் நிரலில் வந்திருக்கிறது. அவரும் தவறாமல் வந்து மூன்று நிமிஷம் பேசிவிட்டுப் போனாராம். முடிவு இன்னும் ஆகவில்லை.

இப்போது அந்த இடத்தில் யாரும் குறுக்கே இறங்குவதில்லையா என்று கேட்டு எழுதினேன். இரண்டு பேர் மட்டும் இறங்குகிறார்கள் என்று பதில் வந்தது. அதனால் பாதகமில்லை. அந்த இரண்டு பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள்.